ஃபான்ஷ் என்று பெயர் வைத்தால் நாடு உடைந்துவிடுமாம்

நேற்று அந்தக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு: பிரான்சில் பிள்ளைக்கு ஃபான்ஷ் என்று பெயர் வைத்த பெற்றோர், அதன் எழுத்தொன்றின் மேல் வரும் கோட்டுக்காக வழக்காடியதைப் பற்றித்தான் பேச்சு. "ஒரு கோட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போன வேலைவெட்டி இல்லாத ஆட்கள்" என்று அண்ணர் ஒருவர் எழுத, கூட்டமே சேர்ந்து சிரித்தது. நான் பதில் போட்டால் "ஏன் உணர்ச்சிவசப்படுறீங்க" என்கிறார்கள். சரி, என் சுவரிலேயே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

ஃபான்ஷ் என்பது ஃபிரான்சுவா என்ற பிரெஞ்சுப் பெயரின் பிரெத்தோன் வடிவம். பிரெத்தோன் என்பது பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானிப் பகுதியின் மொழி. 'என்' (n) எழுத்தின் தலையில் அலைபோல ஒரு கோடு போடுவார்கள், அது இருந்தால்தான் முன்னால் வரும் ஆகாரம் மூக்கால் ஒலிக்கும். கோட்டை எடுத்தால் அது அந்தப் பெயரே இல்லை. 2017 மே மாதம் அந்தப் பகுதியின் கெம்பேர் நகரில் பிறந்த பிள்ளைக்கு இதை வைத்தார்கள். பெயர்ப் பதிவுக்கான 2014 அரசுச் சுற்றறிக்கையில் அனுமதித்த குறிகளில் இது இல்லை என்று விவகாரம் நீதிமன்றம் போனது. செப்டம்பரில் வந்த தீர்ப்பு, இதை விட்டால் நாட்டின் ஒற்றுமையைக் காக்கும் உறுதியே குலையும் என்றது. பிள்ளைக்கு அப்போது வயது நாலு மாதம்!

இதில் கூத்து என்னவென்றால், இந்தப் பெயரின் மூலமான லத்தீன் பிரான்சிஸ்குஸ் பிற்பாடு 'பிரெஞ்சுக்காரன்' என்ற பொருளில்தான் வழங்கியது. இந்தப் பெயரால் புகழ்பெற்ற புனிதர் பிரான்சிஸ் அசிசியாருக்கு ஞானஸ்நானப் பெயர் ஜொவான்னி. துணி வியாபாரியான அப்பா பிரான்ஸ்மேல் இருந்த பிரியத்தில் மாற்றிக் கூப்பிட்டார் என்பார்கள். 1539இல் வில்லேர்-கொத்தரே ஆணை போட்டு பிரெஞ்சை நீதிமன்ற மொழியாக்கிய மன்னர் யார்? முதலாம் ஃபிரான்சுவா. பிரெத்தோன்காரர் வாயில் அவரும் ஃபான்ஷ்தான். பிள்ளைக்குப் பிரெஞ்சுக்காரன் என்று பெயர் வைத்தால் பிரான்ஸ் உடையுமாம். சிரிப்பதென்றால் இங்கே சிரித்திருக்க வேண்டும், அண்ணர் அங்கே சிரித்தார்.

"விதி விதிதானே" என்பவர்களுக்கு: பிரான்சின் 1803 சட்டமும் விதிதான். நாட்காட்டியில் உள்ள பெயரும் பழைய வரலாற்றுப் பெயரும் தவிர வேறு கூடாது என்றது. பிரெத்தோன் பெயர் வைத்ததற்காகப் பிள்ளைகளைப் பதியாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்த கதையும் அந்த விதியால்தான். 1993 வரை ஆனது அதை நீக்க. ஃபான்ஷ் விஷயத்திலும் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் பெற்றோர் பக்கம் நின்றது, அந்தக் கோடு பிரெஞ்சுக்குப் புதிதல்ல என்றது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் அரசுத் தரப்பு மனுவைத் தள்ளியது. ஆக, வேலைவெட்டி இல்லாதவர்கள் ஜெயித்தார்கள்.

இங்கே ஓர் அலுவலகத்தில் என் பெயர் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று வாலை வெட்டிப் பதிந்தார்கள். காத்திருந்த இடத்தில் அந்த மொட்டைப் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு எழும்பவே தோன்றவில்லை, முறை போய்விட்டது. திருத்தக் கேட்டதற்கு "இதெல்லாம் ஒரு விஷயமா" என்றாள் அந்தப் பெண். அதே தொனி, அண்ணரே. அதே தொனிதான் உங்களுடையதும்.

"அது வேறு, இது வேறு" என்று ஒருவர் வருவார், வரட்டும். சிரித்தவர்களில் எத்தனை பேர் எண்சாத்திரம் பார்த்துப் பிள்ளையின் பெயரில் இன்னொரு 'ஏ' சேர்த்தவர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கே நகரசபையில் அந்த 'ஏ'யை அடித்துவிட்டுத் தந்தால் சும்மா வாங்கிக்கொண்டு வருவீர்களா? "ஆனாலும்" என்று ஆரம்பிக்க முதல் இதற்குப் பதில் எழுதுங்கள்.