சூடானால் செத்துப்போகும், ஆறினால் உயிர் வரும்

நான்காவது தடவையாக இந்த ஏடிவியை, கரடுமுரடான மண்ணில் ஓட்டும் நான்கு சக்கர வண்டியை, தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன். தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இது பைக் மாதிரி உருளாது. காற்று குறைவாக வைத்த நான்கு குண்டு டயரும் மண்ணைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும், ஹேண்டிலையும் பிடித்துக்கொண்டு பின்னாலும் தள்ள எனக்கு நான்கு கையா இருக்கிறது?

நோய் இதுதான். காலையில் செல்ஃபைத் தொட்டவுடன் கிளம்பும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ராஜா மாதிரி ஓடும். அப்புறம் யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நின்றுவிடும். பெட்ரோல் பிரச்சினை என்றால் வண்டி விக்கும், இழுக்கும், கெஞ்சிவிட்டுத்தான் நிற்கும். இது அப்படி எதுவும் செய்வதில்லை. எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் சுற்றுமே தவிர பிடிக்காது. அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "பிளக்கை மாத்திப் பாருங்க." மாற்றினேன். மூன்று தடவை. மூன்று நல்ல பிளக்குகள் அலமாரியில் வரிசையாக நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. இன்னொருவர் "பேட்டரி வீக்கா இருக்கும்" என்றார். ஐயா, இது ஏசி சிடிஐ வண்டி (சிடிஐ என்பது கரண்டைச் சேர்த்து வைத்து நேரம் பார்த்து ஸ்பார்க்குக்கு அனுப்பும் டப்பா), ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட் மேக்னெட் சுற்றும்போது அதன் உள்ளே அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் என்ற காயில் தொகுப்பிலிருந்து வருகிறது, பேட்டரி இன்ஜினைச் சுற்றிவிட மட்டும்தான் என்று சொன்னால், "எதுக்கும் சார்ஜ் போட்டுப் பாருங்க" என்கிறார்.

மெக்கானிக் கதை தனி. நான் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் ஆறிவிடும். அவர் பிளக்கைக் கழற்றி ஹெட் மேல் சாய்த்து வைத்து ஒரு செல்ஃப் அடித்து, "இதோ நீலமா அடிக்குதே, கரண்ட் நல்லாத்தான் வருது" என்பார். ஆறின வண்டியில் வரத்தான் செய்யும்! அது போக, பிளக்கில் இருப்பது 0.6, 0.7 மில்லிமீட்டர் இடைவெளி, வெளிக்காற்றில் அதைத் தாண்ட ஒரு நோஞ்சான் ஸ்பார்க்கே போதும். உள்ளே பிஸ்டன் அழுத்திய காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட அதைவிட எத்தனையோ மடங்கு வோல்டேஜ் வேண்டும். ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டரில் அடித்துக் காட்டினால் நம்பலாம். அதெல்லாம் அவரிடம் இல்லை. கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்து அனுப்பிவிட்டார், கேட்காமலே.

பிறகு சிடிஐயை மாற்றச் சொன்னார்கள். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏசி சிடிஐ, டிசி சிடிஐ என்று இரண்டு இருக்கிறது, ஒன்று ஸ்டேட்டரிலிருந்து வரும் நூறு வோல்ட்டுக்கும் மேலான ஏசியைத் தின்பது, மற்றது பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுவது. இரண்டுக்கும் அதே கருப்பு டப்பா, அதே அளவு, பல சமயம் அதே சாக்கெட். மேலே ஏசியா டிசியா என்று ஒரு எழுத்து அச்சடிக்க என்ன கேடு? கடைக்காரர் கொடுத்ததை மாட்டினேன், ஸ்பார்க்கே இல்லை. அது டிசி என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அது போயே போய்விட்டது.

சரி, இனி நானே பார்க்கிறேன் என்று முதலில் கில் சுவிட்சுக்குப் போனேன். இந்த வண்டிகளில் கில் ஒயர் பாடியில் தொட்டால் ஸ்பார்க் செத்துவிடும். அப்படி அணைக்கும் இடம் ஒன்றா இரண்டா? ஹேண்டிலில் சிவப்பு பட்டன், சாவி, பின்னால் கயிறு கட்டிய சுவிட்ச், போதாததற்கு ரிமோட். இதில் எது சேறு, தண்ணீர் புகுந்து எர்த் ஆனாலும் கதை முடிந்தது. அதிலும் அந்தக் கயிறு சுவிட்சைப் பின் டயர் வாரியடிக்கும் சேற்றுக்கு நேராக வைத்த மகானை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். சிடிஐ பக்கத்தில் கில் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டினேன். (அப்படிப் பிடுங்கினால் சாவியால் இன்ஜினை அணைக்க முடியாது, சோக்கை முழுதாக இழுத்து மூச்சுத் திணற வைக்க வேண்டும். தெரியாமல் இறங்கிவிடாதீர்கள்.) இருபத்திரண்டாவது நிமிடம் மறுபடியும் பட்.

இந்தத் தடவை டெஸ்டர் பையில் இருந்தது. நின்ற இடத்திலேயே, இன்ஜின் கொதிக்கக் கொதிக்க மாட்டி செல்ஃப் அடித்தேன். ஒரு பொறி இல்லை. பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றோட்டை அடைத்திருந்தாலும், வால்வ் இடைவெளி இறுகியிருந்தாலும் சூட்டில் நிற்கும்தான், ஆனால் அவற்றில் ஸ்பார்க் இருக்கும். இத்தனை நாள் யாருமே வண்டி செத்துக்கிடக்கும் அந்த அரைமணி நேரத்தில் அதைச் சோதிக்கவில்லை, எல்லோரும் பிழைத்து எழுந்த பிறகுதான் நாடி பிடித்துப் பார்த்தார்கள்!

வீட்டுக்கு வந்து கவரைத் திறந்து பிக்அப் காயிலோடு சேர்த்து ஸ்டேட்டரை வெளியே எடுத்தேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அந்தக் காயில். மேக்னெட்டின் மேடு அதைக் கடக்கும்போது ஒரு சின்ன துடிப்பு போகும், அது போனால்தான் சிடிஐ உள்ளே சேர்த்து வைத்ததைக் கொட்டும். அது போகாவிட்டால் வில்லில் அம்பு பூட்டியாயிற்று, விடு என்று சொல்ல ஆள் இல்லை. மீட்டரை வைத்தேன்: 118 ஓம், குறை சொல்ல முடியாது. முடி காய வைக்கும் டிரையரை எடுத்து அதன் மேல் பிடித்தேன். 121, 126, 133. செம்பு சூடானால் டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறத்தான் செய்யும், அதில் தப்பில்லை. 139. அடுத்த நொடி எண் காணோம், திரையின் இடது ஓரத்தில் ஒற்றை 1. சர்க்யூட் அறுந்துவிட்டது. டிரையரை நிறுத்தினேன், கொஞ்ச நேரத்தில் 124 என்று திரும்பி வந்து அப்பாவி மாதிரி நின்றது.

உள்ளே முடி போல ஒரு ஒயர் எங்கேயோ சூட்டில் விலகி, ஆறினதும் ஒட்டிக்கொள்கிறது. இதற்காக மூன்று பிளக், ஒரு சிடிஐ, ஒரு கார்புரேட்டர் கழுவல், நான்கு தள்ளல்!

பிக்அப் காயில் மட்டும் கொடுங்கள் என்றால் கிடையாதாம், ஸ்டேட்டரோடு முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். வாங்கித் தொலைத்தேன். பிரித்துப் பார்த்தால் ஒயர் நிறம் ஒன்றுகூட பழையதோடு ஒத்துப்போகவில்லை, தாளும் இல்லை, படமும் இல்லை. இப்போது தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராக ஓம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நூற்றுச் சொச்சம் காட்டுவது பிக்அப், சில நூறு காட்டுவது சிடிஐக்குத் தீனி போடும் காயில், ஒன்றுக்கும் குறைவாகக் காட்டுவது லைட்டுக்கு. மூன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். மிச்சம் ஒரு பச்சை ஒயர் இருக்கிறது, அது எதற்கு என்று செட்டைக் கட்டி அனுப்பியவனுக்கே தெரியுமா என்று தெரியவில்லை.