சைக்கிளுக்கும் நிலைமம் உண்டு

ஹாரன் அடித்து முந்திப் போய், பத்தடி தள்ளி சடாரென்று இடது பக்கம் வளைக்கிற வண்டிக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பின்னால் வருகிற சைக்கிள் எப்படி நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? என்ஜின் இல்லாத வண்டிக்கு நிலைமமும், அதாவது ஓடுகிற வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கப் பார்க்கிற குணமும், இல்லையா?

மணிக்கு 18 கிலோமீட்டர் பெரிய வேகமில்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மிதிக்கிற வேகம்தான். நொடிக்கு 5 மீட்டர். கார் குறுக்கே வருவதைப் பார்த்து கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி ஓடிவிடும், 5 மீட்டர் போய்விடும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்க இன்னும் 5 மீட்டராவது வேண்டும். பயத்தில் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் நிற்கும், உடம்பு நிற்காது. ஓடிக்கொண்டிருந்த வேகத்திலேயே ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழும். நியூட்டனின் முதல் இயக்க விதி சொல்வது இதைத்தான். மழையில் இரும்பு ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை வழுக்கும், அந்த 10 மீட்டரும் போதாது. இவ்வளவு தூரம் தேவைப்படுகிற இடத்தில் பத்தடி விட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கி "பார்த்து வரமாட்டியா" என்று திட்டு வேறு!

இதைவிட வயிற்றெரிச்சல் ஸ்பீடு பிரேக்கர். சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு அளவு சொல்லியிருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆர வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கலாம். எங்கள் பக்கத்துத் தெருக்களில் இருப்பவை அப்படியா? ஒரு முழ அகலத்தில் சிமெண்டைக் குவித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது, மேலே விளக்கும் எரியாது. காரில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அந்த அடியை வாங்கிக்கொள்கின்றன. சாதா சைக்கிளில் அதை வாங்குவது ரிம்மும் மணிக்கட்டும் முதுகெலும்பும். ரிம் கோட்டம் எடுக்கிற காசும் நம்முடையதுதான்.

சரி, மெதுவாகவே ஏறலாம் என்கிறீர்களா? 50 கிலோ மாணவி, 20 கிலோ சைக்கிள், கேரியரில் புத்தகமும் சாப்பாடும் 10 கிலோ. மொத்தம் 80 கிலோ, 5 மீட்டர் வேகம் என்றால் இயக்க ஆற்றல் 1000 ஜூல். வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் மிஞ்சுவது ஒன்பதில் ஒரு பங்கு, 110 ஜூல் சொச்சம். மீதி அவ்வளவும் பிரேக் கட்டையில் சூடாகிப் போகிறது. அது முழுக்க அந்தப் பிள்ளையின் தொடை கொடுத்த ஆற்றல். சமதளத்தில் ஒரே சீராகப் போக 70, 80 வாட் போதும். ஐந்து நொடியில் பழைய வேகத்தைப் பிடிக்க அதைப் போல் மூன்று மடங்கு தேவை. காரில் இருப்பவர் பாதத்தை லேசாக அழுத்தினால் முடிந்தது. இவள் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டும், அடுத்த மேட்டுக்கு மறுபடி நிறுத்த வேண்டும். வேகமாகப் போகிறவனை அடக்கப் போட்ட மேட்டில் அவன் எஸ்யூவி நிற்காமல் தாவிப் போகிறது. தண்டனை இவளுக்கு.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே இயக்க விதிகள். பதினொன்றாம் வகுப்பில் அரசே இலவச சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம், பாராட்ட வேண்டிய திட்டம். அந்தச் சைக்கிள் ஓடுகிற ரோட்டைப் போடுகிறவர்கள் மட்டும் அந்தப் பாடத்தை எங்கே தொலைத்தார்கள்?

திருப்பங்களில் கொட்டிக் கிடக்கிற மணலையும் சொல்லியாக வேண்டும். சக்கரம் ரோட்டைத் தள்ளினால்தான் ரோடு திருப்பித் தள்ளும். மணல் அந்தப் பிடியைத் தராது, வளைகிற நேரத்தில் சைக்கிள் நேராகவே வழுக்கிப் போகும். வீடு கட்டுகிறவர்கள் மிச்ச மணலை அள்ளி அப்புறப்படுத்தினால் என்ன குறைந்துவிடும்?

மேடு வேண்டுமென்றால் சொன்ன அளவில் போடுங்கள், வெள்ளை அடியுங்கள். இடது பக்கம் திரும்ப வேண்டுமா, சைக்கிளுக்குப் பின்னால் வாருங்கள். அது அந்தத் திருப்பத்தைத் தாண்ட மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடியைக் கொடுங்கள்.