சின்னப் பாட்டியின் மங்கு

மகள் படிவம் நான்கு படிக்கிறாள். பள்ளி விடுமுறையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கில நாவலை மேசையில் போட்டு வைத்திருந்தாள். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் எழுதிய ‘பீப்ஸ்’, 2005இல் வந்தது. இளையோருக்கான இரத்தக் காட்டேரிக் கதைதானே என்று புரட்டினேன். இரண்டே ராத்திரியில் முடித்தேன். மூன்றாம் நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சின்னப் பாட்டியைப் பற்றிக் கேட்டேன்.

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்) வளர்ந்தவர்களுக்குப் பேய்க்கதை புதிதில்லை. வாழைமரத்துப் பொந்தியானாக், பால்மரக் காட்டு மோகினி என்று தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) ஒன்று இருந்தது. இந்த நாவலில் பேயே இல்லை. காட்டேரி ஆவது ஒரு நோய், ஓர் ஒட்டுண்ணியின் வேலை. கதையைச் சொல்லும் கேலுக்கு 19 வயது, டெக்சஸிலிருந்து நியூயார்க் வந்தவன். நோய் அவன் உடம்பில் இருக்கிறது, ஆனால் புத்தி கலங்கவில்லை. விஷயம் தெரியாமல் அவன் முத்தமிட்ட பெண்களுக்கெல்லாம் தொற்றிவிட்டது. அவர்களைத் தேடிப் பிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் இப்போது அவன் வேலை.

கதை ஓர் அத்தியாயம், நிஜமான ஒட்டுண்ணி ஓர் அத்தியாயம் என்று மாறி மாறி வருகிறது. நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுப்பதைப் படித்தபோது என் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

என்னை உலுக்கியது வேறு. இந்த நோய் வந்தவர்கள், தாங்கள் உயிராக நேசித்ததைக் கண்டாலே அலறுவார்கள். அந்தக் காலத்துப் பக்தர்கள் சிலுவையைக் கண்டு ஓடியது அதனால்தானாம். கேலின் பழைய காதலி சேராவுக்கு எல்விஸ் பிரெஸ்லி என்றால் உயிர். எல்விஸ் சாமான்களைக் காட்டித்தான் அவளை மடக்குகிறான். சொந்தபந்தம், வீடு எல்லாவற்றையும் வெறுக்க வைத்து ஓட விடுகிறது அந்தக் கிருமி.

நம்மிடம் கிருமி அந்தச் சிரமம் படவே வேண்டியதில்லை. ஓட வைக்க நாமே இருந்தோம்.

சின்னப் பாட்டிக்கு, அதாவது அம்மாவின் சின்னம்மாவுக்கு, தொழுநோய். அம்மா இன்றும் ‘பெருவியாதி’ என்றுதான் சொல்கிறார், அதையும் குரலைத் தாழ்த்தி. முதலில் பூசாரி வந்து வேப்பிலை அடித்தார், செய்வினை என்றார். அப்புறம் பாட்டியின் தகர மங்கு, அவருடைய கஞ்சிப் பாத்திரம், சமையல்கட்டிலிருந்து வெளியே போனது. லயத்துக் கடைசித் தூணில் ஓர் ஆணி, அதில் தொங்கியது. கஞ்சியைத் தூர நின்று ஊற்றுவார்களாம். 1930இல் திறந்த சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்குக் கொண்டுபோக லாரி வந்த அன்று, பாட்டி அந்த மங்கைக் கேட்டிருக்கிறார். யாரும் தொடவில்லை. அவரே நடந்து போய் ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினாராம். அப்போது அம்மாவுக்கு எட்டு வயது.

தொழுநோய்க் கிருமியை எதிர்க்கும் சக்தி பெரும்பாலானோர் உடம்பில் பிறவியிலேயே உண்டு என்று இன்று தெரியும். அன்று அதை லயத்தில் சொல்ல ஆள் இல்லை.

நாவலில் குறை இருக்கிறது. கடைசிப் பகுதியில் பூமிக்கடியிலிருந்து ராட்சதப் புழுக்கள் வந்ததும் கதை அவசரமாக ஓடிவிடுகிறது, சேராவுக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். இருந்தாலும் நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். தமிழில் பேய் என்றாலே பழிவாங்க வந்த ஆவிதான். நோயாளியைப் பேயாக்கிய கதையை நம் தோட்டங்களிலிருந்து யாராவது எழுத வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு சுங்கை பூலோ போகிறோம். அங்குள்ள நாற்றங்கால்களில் செம்பருத்தியும் ரோஜாவும் வாங்கப் பலமுறை போயிருக்கிறேன். குடியிருப்புக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை.