பழைய கறையானாம்!

"அக்கா, இது பழைய கறையான். நாங்க மருந்தடிக்க முதல் இருந்தது" எண்டு சொல்லிட்டுப் போறான், கறையானுக்கு மருந்தடிச்ச கொம்பனியில இருந்து வந்த மனிசன். கதவு நிலைக்குள்ள வெள்ளை வெள்ளையா நெளிஞ்சுகொண்டு கிடக்கு. அதைக் கண்ணால பார்த்துக்கொண்டே, கையில இருந்த பேனையால நிலையைத் தட்டித் தட்டிச் சொல்லுறான். எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்குது. இதை எங்கயாவது எழுதாட்டி எனக்குத் தலை வெடிச்சிடும்.

இந்தப் பங்குனி சித்திரையில எல்லார் வீட்டிலயும் இதே பாடுதான். வருசம் வருது எண்டு பெயின்ற் அடிச்சு முடிய, பின்னேரம் இடி இடிச்சு ஒரு மழை. பொழுதுபட லைட்டைப் போட்டா ஈசல். வெளியில இருந்து வெளிச்சத்துக்கு வந்தா சரி, கூட்டித் தள்ளலாம். எங்கட சாமியறையில யன்னலும் பூட்டு, கதவும் பூட்டு. நிலையும் தரையும் சந்திக்கிற மூலையில இருந்து சாரை சாரையா வெளிக்கிடுது. இறக்கை முளைச்ச கறையான்தானே ஈசல். அது அறைக்குள்ள இருந்தே வெளிக்கிடுது எண்டால் அதிட கூட்டம் தரைக்குக் கீழயோ சுவருக்குள்ளயோ வந்து குந்திட்டுது. காலையில தும்புத்தடியால இறக்கையெல்லாம் கூட்டி அள்ளிட்டு நிலையை விரலால அமத்தினன். பெயின்ற் அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ள போயிட்டு. உள்ளுக்கு மரமே இல்ல, ஈர மண்தான்.

போன வருசம்தான் காசு குடுத்து மருந்தடிச்சது. 5 வருச வொறண்டி (உத்தரவாதம்), சீல் குத்தின கடதாசி, எல்லாம் இருக்கு. வந்தவங்க செய்த வேலை என்ன? முதுகில ஒரு 16 லீட்டர் தாங்கி. சுவர் ஓரமா விசிறிக்கொண்டு ஒரு சுத்து நடந்தாங்க. நான் தேத்தண்ணி போட்டு எடுத்துக்கொண்டு வரக்குள்ள வேலை முடிஞ்சிட்டு எண்டாங்க.

கறையான் மருந்து சுவருக்கு அடிக்கிற மருந்தே இல்ல, மண்ணுக்குக் குடுக்கிற மருந்து. அத்திவாரத்தை ஒட்டிக் கான் வெட்டி, ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் 5 லீட்டர் கணக்கில ஊத்தி, மண்ணோட கலந்து மூடவேணும். உள்ளுக்குச் சுவரும் தரையும் சந்திக்கிற இடத்தில அடிக்கு ஒரு ஓட்டை டிறில் பண்ணி, மருந்து இறக்கி, சிமெந்தால அடைக்கவேணும். 40 மீட்டர் சுத்தளவு உள்ள வீட்டுக்கு ஒரு அடி ஆழத்துக்கு மட்டும் 200 லீட்டர். இவங்க கொண்டு வந்தது 16. மிச்சம் 184 லீட்டர் எங்க? காசு மட்டும் முழு வீட்டுக்கும் எடுத்தீங்களே, மருந்து எங்க?

சரி, நேற்று நடந்ததைக் கேளுங்க. போன் எடுத்து எடுத்துக் களைச்சு, கடைசியில ஒருவன் வந்தான். மோட்டச்சைக்கிளைக் கடப்படியில நிப்பாட்டி, நிலையைப் பார்த்தான், பேனையால தட்டினான், "பழைய கறையான்" எண்டான். நான் சொன்னன், "தம்பி, கொஞ்சம் பொறுங்க." நிலைக்கு மேல சுவரில பென்சில் மொத்தத்துக்கு மண்குழாய் ஏறிப் போகுது. அதை ரெண்டு விரலால உடைச்சன். பொலபொலவெண்டு உயிரோட கொட்டுண்டுது. வெளிச்சம் பட்ட உடனே அந்தரப்பட்டு ஓடுது. "இதுவும் பழசா?" எண்டன். "அது இப்ப வெளியில இருந்து வந்திருக்கும் அக்கா."

"வெளியில இருந்து வரக் கூடாது எண்டுதானே மருந்தடிச்சது?"

"இது வேற இனம் போல அக்கா. வொறண்டிக்குள்ள வராது."

என்ன இனம் எண்டு கேட்டன். பேச்சு இல்ல. போன வருசம் அடிச்ச மருந்தின்ட பேர் என்ன எண்டு கேட்டன். "கொம்பனி மருந்து." கொம்பனி மருந்து எண்டு ஒரு மருந்து உலகத்தில இருக்கா? பைபென்திரின் எண்டால் கறையான் அதை உணர்ந்து விலகி, மருந்து படாத இடைவெளியைத் தேடிப் பூரும். பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் எண்டால் அதுக்கு விளங்காது, நடந்து போய்த் தன்ட கூட்டத்துக்கும் காவிக்கொண்டு போகும். எதை அடிச்ச எண்டு தெரிஞ்சாத்தானே எங்க பிழைச்ச எண்டு பார்க்கலாம்! அடிச்சவனுக்கே தெரியாது.

மறுகா குளியலறைப் பக்கம் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்திட்டு, "ஈரம் இருக்கு அக்கா, ஈரம் இருந்தா வொறண்டி இல்ல" எண்டான். எனக்கு வாயே அடைச்சிட்டு. ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். மாரியில முழங்கால் அளவு வெட்டினா தண்ணி ஊறுது. மட்டக்களப்பில ஈரம் இல்லாத மண் எங்க கிடக்கு? அப்ப யாருக்கு இந்த வொறண்டி? ஈரத்துக்கு வாற பூச்சிக்கு ஈரம் இருந்தா பொறுப்பு இல்ல எண்டு எழுதி வெச்சிட்டு எப்படிக் கூசாமல் காசு வாங்குறயள்?

கடைசியா, பாதிக் காசு தந்தா திருப்பி அடிச்சுத் தாறானாம். அதுவும் மேலால மட்டும்.

இண்டைக்குக் காலையில போய்ப் பார்க்கிறன், நான் உடைச்ச இடம் முழுக்கத் திருப்பிக் கட்டிக் கிடக்கு. பழைய குழாய் காய்ஞ்ச மண் நிறம், புதுசாக் கட்டினது மட்டும் கறுப்பா, ஈரமா, நகத்தால தொட்டா ஒட்டுது. இதை விட என்ன அத்தாட்சி வேணும்? படம் எடுத்து அனுப்பினன். பார்த்திட்டாங்க எண்டு ரெண்டு நீலக் கோடு விழுந்திட்டு. பதில் இல்ல.

கிணறு எங்க இருக்கு எண்டு மருந்தடிக்க வந்த அண்டைக்கு ஒரு வார்த்தை கேட்கல்ல அறுவானுகள். எங்கட மணல் தரையில ஊத்துற எதுவும் கிணத்துக்கு வந்து சேரும். அந்தக் காலத்து ஓல்ட்ரின் மருந்துதான் மருந்து எண்டு சொல்லுற பெரியாக்கள் இன்னும் இருக்காங்க. அது மண்ணில டீல்ட்ரின் எண்ட நஞ்சா மாறி வருசக் கணக்கில அழியாமல் கிடக்கிறபடியால்தான் 2001 ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில அதையும் டீல்ட்ரினையும் விலக்கச் சொன்னது. கழிவு ஒயில் ஊத்து எண்டு வாறவங்களுக்கும் இதேதான் பதில். நாங்க குடிக்கிற தண்ணி அது.

வீடு கட்டின மேசனையும் விடமாட்டன். கொங்கிறீற் தட்டுக்கு அடிச்சுக் களட்டின பலகைத் துண்டு, சிமெந்துப் பை, எல்லாத்தையும் தரைக்குக் கீழ போட்டு மண் நிரப்பி மூடினவர் அவர். கறையானுக்கு விருந்து வெச்சிட்டு மேல சீமெந்து பூசியிருக்கார். மரக்காரன் முதிரை எண்டு முதிரைக் காசு வாங்கினான். வைரம் பாய்ஞ்ச பக்கம் இண்டைக்கும் அப்படியே இரும்பாக் கிடக்கு. வெள்ளைப் பக்கத்தைச் சேர்த்து அறுத்துத் தந்திருக்கான், அதைத்தான் தின்னுது.

நிலை போனால் ஓடாவியைப் பிடிச்சு வேற நிலை போடலாம். எனக்கு ஆறாதது சுவர் அலுமாரிக்குள்ள இருந்த அம்மாட பெட்டி. அதுக்குள்ள காணி உறுதி. 1978 நவம்பர் 23 சூறாவளியில கூரை பறந்த இரவு அம்மா அதை மடியில கட்டிக்கொண்டு இருந்தவ. 90 இல சண்டைக்குப் பயந்து ஓடக்குள்ளயும் அதைத்தான் முதல் எடுத்தவ. 2004 இல கடல் வந்து போன பிறகு, பொலித்தீனுக்குள்ள நனையாமல் அது கிடந்தது. இப்ப அதே பொலித்தீனில ஓட்டை. உறுதியின்ட நடுப்பகுதி முழுக்க இல்ல. முத்திரை ஒட்டின மூலையும், பெருவிரல் அடையாளத்தில பாதியும் மிச்சம். உறுதிக்குக் காணிப் பதிவகத்தில பிரதி எடுக்கலாம். அதோட கிடந்த அப்பாட ஒரே ஒரு படத்துக்கு எந்தக் கந்தோரில பிரதி எடுக்கிற?

இதை அவனிட்டச் சொன்னன். "கடதாசியெல்லாம் வொறண்டியில இல்ல அக்கா" எண்டான்.

மனேஜர் எடுப்பார் எண்டு சொன்னபடியால் காலையில இருந்து போனைக் கையிலயே வெச்சிருக்கன். மீன் வெட்டின கையோட ஓடிப்போய் எடுத்தா ஒரு பொம்பளைக் குரல், இந்தப் பாட்டை றிங் டோனா வெக்க ஒண்டை அமத்தச் சொல்லுது. அமத்தாமலே காசும் வெட்டுறாங்க! இதை எப்படி நிப்பாட்டுற எண்டு தெரிஞ்ச ஆக்கள் யாரும் இருந்தா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.