ஒரு சொட்டுப் பசையால் முடிச்சு நிற்குமா?

மலையகத்தில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் பக்கம் தூண்டில் போடுபவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: பின்னல் நூலை (பல இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) அதன் முனையில் வரும் தங்கூசியோடு (ஒற்றை இழை நைலான் நூல்) சேர்க்க எந்த முடிச்சும் போதுமாம், மேலே ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் நழுவாதாம். இது தவறு.

பின்னல் நூல் பெரும்பாலும் பாலிஎத்திலீன் இழை. வழுவழுப்பானது, சூப்பர் குளூ அதில் சரியாக ஒட்டாது. பிடிப்பைத் தருவது சுற்றுகள்தான். இந்த இரண்டையும் சேர்க்கப் போடும் எஃப்ஜி முடிச்சில் தங்கூசி மடங்குவதே இல்லை. பின்னல் நூல் அதன்மேல் மாறி மாறிக் குறுக்காகச் சுற்றி, இழுக்க இழுக்க இறுகும். கட்டும்போது நூல் தொய்யக்கூடாது. நம் விடியற்காலைக் குளிரில் விறைத்த விரலுக்கு இது தொல்லைதான். சரி, அப்போது டபுள் யூனி (இரண்டு நூலிலும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டு, ஒன்றோடொன்று சேர இழுத்து இறுக்குவது) போடுங்கள், பின்னல் நூல் பக்கம் சுற்றைக் கூட்டி.

தங்கூசியை நூலுக்குள்ளேயே செருகும் ஸ்ப்ளைஸ், உள்ளே குழல்போல் வெற்றிடமுள்ள நூலுக்கு மட்டுமே. சாதாரண நான்கிழைப் பின்னலில் அது நடக்காது.