நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்டாம்!

வேளச்சேரியில எந்தக் கம்பத்தப் பாத்தாலும் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் நோட்டீஸ். 'ஃபுல் ஸ்டாக் ஜாவா, நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்'. கீழ எறும்பு சைஸ்ல இன்னொரு வார்த்தை இருக்கும்: 'அசிஸ்டன்ஸ்'. அதாவது வேலை தேட உதவி மட்டும்தான். அத சரியாப் படிக்காததுக்கு நான் கட்டுன அபராதம் 41,300 ரூபாய்.

ஃபீஸ் என்னவோ 35,000தான். மிச்சம் 6,300 ஜிஎஸ்டி, 18 சதவீதம். வேலை இல்லைன்னுதானய்யா கோர்ஸுக்கே வர்றோம்! கம்பெனிக்காரன் ஸ்டாஃபுக்கு ட்ரெய்னிங் எடுத்தா, அந்த வரிய இன்புட் கிரெடிட்னு தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்குவான். அம்மா வளையல அடகு வச்சுட்டு வந்தவன் எதுல கழிக்கிறது?

முதல் ரெண்டு வாரம் நடத்துன சார் தங்கமான மனுஷன். மூணாவது வாரம் அவருக்கு ஐடி கம்பெனியில வேலை கெடச்சுப் போயிட்டார். எனக்குத் தெரிஞ்சு அந்த இன்ஸ்டிடியூட்ல பிளேஸ் ஆனது அவர் ஒருத்தர்தான். அடுத்து வந்தது போன பேட்ச் பையன். இன்டர்ஃபேஸுக்கும் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, "பிடிஎஃப் அனுப்புறேன் ப்ரோ"ங்கறான்.

ப்ராஜெக்ட்டாவது உருப்படியா? பேட்ச்ல அத்தனை பேருக்கும் ஒரே லைப்ரரி மேனேஜ்மென்ட். பேரை மட்டும் மாத்திக்கணும். இன்டர்வியூல ரெஸ்யூமப் பாத்த மேடம் சிரிச்சுட்டாங்க. "இன்னிக்கு இது ஆறாவது லைப்ரரிப்பா." அதுக்கு மேல என்னத்தப் பேச? பிளேஸ்மென்ட் செல்னு ஒண்ணு இருந்துச்சு, வாட்ஸப்ல ஊருக்கே வர்ற வாக்-இன் மெசேஜ ஃபார்வர்டு பண்றதோட சரி.

இதுல பெரிய வயித்தெரிச்சல் என்னன்னா, இதே ஜாவாவ ஐஐடி கரக்பூர் வாத்தியார் என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல ஓசியில நடத்திருக்காரு. பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கணும்னாத்தான் காசு. 2022ல தமிழக அரசோட 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் வந்தப்ப நான் காலேஜ்லதான் இருந்தேன். வீடியோவ ஓட விட்டுட்டு கேன்டீன் போனவன்தான், அது என் கொழுப்பு, ஒத்துக்கறேன். அதுக்காக, பொழப்பத் தேடி வர்றவன் பயத்த மூலதனமா வச்சு கடை நடத்துவீங்களா?

நேத்து மறுபடியும் அங்கேருந்து போன். "தம்பி, ஏஐ கோர்ஸ் புதுசா ஆரம்பிச்சிருக்கோம். பழைய ஸ்டூடன்ட்டுங்கறதால உங்களுக்கு 10 பர்சன்ட் தள்ளுபடி."

ஜிஎஸ்டி தனியாம்.