மலை மரத்துக்கு யார் கணக்குப் போடுகிறார்கள்?

மலையில் மரம் வெட்டலாமா கூடாதா என்று ஆரம்பித்தால் நம் பக்கம் இரண்டே கட்சிதான். ஒரு கிளைகூட விழக் கூடாது என்கிறது ஒன்று. பட்டா நிலத்து மரம், நான் யாரைக் கேட்கணும் என்கிறது இன்னொன்று. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் காப்பிக்கு நடுவே சில்வர் ஓக் வைத்திருப்பவர்களோடு பேசிய பிறகு எனக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. அந்த மரம் கீழே இறங்கி மில் போய்ச் சேருகிற வழி முழுக்க யாருக்கு எவ்வளவு நிற்கிறது, மலை மண்ணுக்கு என்ன ஆகிறது என்று யாருமே கணக்குப் பார்ப்பதில்லை.

இயற்கைக் காட்டைத் தொடவே கூடாது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனைமலையில் டாப்சிலிப் என்ற பெயரே, வெட்டிய தேக்குக் கட்டைகளை மலை மேலிருந்து சரிவில் இறக்கிவிட்ட இடம் என்பதால் வந்தது. கப்பலுக்கும் ரயில்வேக்கும் என்று அந்தக் காடு இறங்கிப் போனது. பிறகு ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி பாடுபட்டுத் தேக்கை மீட்டெடுத்தார், அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. தேக்கு வந்தது, சரி. பல மரம் கலந்து நின்ற பழைய காடு அப்படியே திரும்பி வரவில்லையே.

1988 தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், அனுமதி பெற்ற செயல் திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. இரண்டுமே நல்லது. ஆனால் அதற்கப்புறம் ஆலைகளின் பார்வை தனியார் நிலத்து மரத்தின் மேல் விழுந்தது. நேராக, பக்கக் கிளை குறைவாக வளரும் சில்வர் ஓக் பிளைவுட்டுக்குத் தோதானது. ஆஸ்திரேலிய மரம்தான், காப்பிக்கு நிழலுக்கென்று வந்தது. இன்று அதன் மேல்தான் மிளகுக்கொடி ஏறி நிற்கிறது. ஒரு மரம் விழுந்தால் நிழலும் போகிறது, கொடியும் போகிறது. மரத்தின் விலை பேசும்போது அந்த மிளகை யாரும் சேர்ப்பதில்லை.

இனி அளவுக்கு வருவோம், என் மனசை அறுப்பது இதுதான். கட்டையின் நடுச்சுற்றை அளந்து, அதில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிற வழக்கம் மர வியாபாரத்தில் நெடுநாளாக இருக்கிறது. சுற்று 4 அடி, நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. உண்மையில் அந்த உருளையில் இருப்பது 12.7 கன அடி. ஒவ்வொரு கட்டையிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. உருண்டை மரத்தைச் சதுரமாக அறுக்கும்போது ஓரம் கழியும், அதனால் இப்படி என்று காரணம் சொல்வார்கள். அறுக்கிற மரத்துக்கு அது பொருந்தும். பிளைவுட் மில்லில் கட்டையைச் சுழற்றிச் சுழற்றி ஏடு ஏடாக உரிக்கிறார்கள். அங்கே எந்தச் சதுரம், எந்த ஓரம்? விலையை அதற்கேற்ப வைத்துவிடுகிறோம் என்றால், அந்த விலை எந்தக் கணக்குக்கு என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கொல்லிமலையில் ஓர் அண்ணனிடம் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "ஏனுங்க, இத்தனை வருசமா கயிறு புடிச்சுக் குடுத்ததே நானுங்க, இதை ஒருத்தரும் சொல்லலீங்களே" என்றார்.

டன் கணக்கில் கொடுத்தால் வேறொரு ஓட்டை. வெட்டிய மரம் நாளுக்கு நாள் ஈரம் வற்றி எடை குறையும். லாரி வரத் தாமதமானால் நட்டம் யாருக்கு? எடை மேடை கீழே, விவசாயி மேலே. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவில் நீள லாரி திரும்பாது, சின்ன வண்டியில் நடை நடையாக இறக்குகிறார்கள். அந்த வாடகையும் மரத்தின் விலையில்தான் கழிகிறது.

அப்புறம் அனுமதி. 1955ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் குழுவின் அனுமதி வேண்டும். இந்தச் சட்டம் இருக்கட்டும், இல்லாவிட்டால் சரிவுகள் மொட்டையாகிவிடும். ஆனால் பத்து மரம் வைத்திருப்பவர் எத்தனை முறை மலை இறங்கி ஆபீசுக்கு நடப்பார்? "நான் பாத்துக்கறேங்க" என்று வருகிற வியாபாரியிடம் நின்ற மரமாகக் குத்துமதிப்பில் கொடுத்துவிடுகிறார். பெரிய தோட்டக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாதம் ஒரு நாள் அதிகாரிகள் மேலே வந்து மனு வாங்கி, மரத்தைப் பார்த்து முடிவு சொன்னால் பாதி இடைத்தரகு ஒழிந்துவிடும்.

வெட்டுகிற விதத்தையும் அந்த அனுமதியிலேயே எழுத வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டையைச் சரிவோடு இழுத்தால் அந்தத் தடமே ஓடையாகி மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். தையிலிருந்து கோடை மழைக்குள் வேலையை முடிக்க வேண்டும், வேரைத் தோண்டாமல் விட வேண்டும், வெட்டிய இடத்தில் மறு கன்று வைக்க வேண்டும். அந்தக் கன்றுகளில் பாதியாவது மலையின் சொந்த மரங்களாக இருக்கட்டும்.

சமவெளியில் இதெல்லாம் ஓரளவு சீராகியிருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி முன்னெடுத்த ஒப்பந்த மரச் சாகுபடியும், புகளூர் காகித ஆலை விவசாயிகளோடு நடத்துகிற மர வளர்ப்பும் நம் கண் முன்னே இருக்கின்றன. சவுக்கு வைப்பவருக்கு யார் வாங்குவார் என்பது நடும்போதே தெரிகிறது. மலைக்கு மட்டும் ஏன் அது ஏறவில்லை? மலைவாழ் மக்களுக்கென்று லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றனவே. அவற்றின் வளாகத்தில் ஓர் எடை மேடையும், இரண்டு கணக்கிலும் கன அடி எழுதி ஒட்டிய பலகையும் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

அது வருகிறவரைக்கும், இந்தத் தையில் மரம் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குத்துமதிப்பில் பேசாதீர்கள். எந்தக் கணக்கில் அளப்பீர்கள் என்று முன்பணம் வாங்கும் முன்பே கேளுங்கள். ஒவ்வொரு கட்டையின் நடுச்சுற்றும் நீளமும் உங்கள் நோட்டிலும் இருக்கட்டும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 12.57ஆல் வகுக்கச் சொல்லுங்கள். அடியில் அளந்திருந்தால் அதுதான் கட்டையின் உண்மையான கன அடி. அந்த எண்ணைச் சொல்லிவிட்டு விலையை ஆரம்பியுங்கள்.